இடமில்லாப் பிள்ளைகளுக்கு இடம் தந்தவர்

மே 1 உழைப்பாளர் நாள் என்று நமக்குத் தெரியும். அதே நாளில்தான், 1959இல், சுவாமி சகஜானந்தா மறைந்தார் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

1890 ஜனவரி 27இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில், பறையர் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாற மறுத்ததால் அந்தப் படிப்பு தொடரவில்லை. பெற்றோர் பிழைப்புக்குப் போயிருந்த கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சேர்ந்தார். சகஜானந்தா என்ற பெயர் அங்கே கிடைத்தது. 1910இல் சிதம்பரம் வந்தார்.

அன்று தென்னாற்காட்டில் பண்ணையாளின் பிள்ளையும் பண்ணைக்கே சொந்தம். மாடு மேய்க்கும் வயதில் அடியும் வசவும்தான் அதற்குக் கிடைத்த பாடம். பள்ளி திறந்தால் மட்டும் அந்தப் பிள்ளை வந்துவிடாது; சோறும் படுக்க இடமும் வேண்டும். 1916இல் 25 பிள்ளைகளோடு சகஜானந்தா நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. பெண் பிள்ளைகளுக்கும் இடம் வந்தது. ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார். 1926 முதல் சட்டமன்றத்திலும் கல்விக்காகவும் நிலத்துக்காகவும் பேசினார். மறையும்போதும் அவர் சிதம்பரம் சட்டமன்ற உறுப்பினர்.

அவருடைய சைவப் பற்றோடும் காங்கிரஸ் அரசியலோடும் நமக்கு வழக்கு உண்டு. ஆனால், இடமில்லாத பிள்ளைக்கு முதலில் இடம், பிறகு பாடம் என்ற அவருடைய வரிசையில் நமக்கு வழக்கில்லை.

இன்று அந்த வரிசை எப்படி இருக்கிறது? விருத்தாசலம் பீங்கான் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் பிள்ளைகளை ஆதிதிராவிடர் நல விடுதிகளில் விடுகிறார்கள். நல்லதுதான். ஆனால், மாணவர் விடுதி வேறு, காப்பகம் வேறு. கோடை விடுமுறையில் விடுதியைப் பூட்டினால், தாய் தகப்பனை இழந்த பிள்ளை எங்கே போகும்? வன்கொடுமையைக் கண்ணால் பார்த்த பிள்ளையும், பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையும் இரவில் அலறி எழுந்தால் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்?

சட்டம் வழி சொல்கிறது. அப்படியொரு பிள்ளையைக் கண்டால் 1098க்கு அழைக்கலாம். பாதுகாப்புக்கு எடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். அந்தக் குழு முதலில் பாட்டி, சித்தி, மாமன் என்று சொந்தத்தில் பாதுகாப்பான வீட்டைத் தேட வேண்டும். இல்லம் கடைசி வழி. பிள்ளை என்ன சொல்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இதை நம் தெருவில் எத்தனை பேர் அறிவோம்? சொந்தக்காரர் வீடு என்று நம்பி, வேலைக்காரப் பிள்ளையாக்கும் வீட்டில் விட்டுவிடுகிறோம். ஊர் வாயை மூட, கெடுதல் நடந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறோம்.

சகஜானந்தாவுக்கு மாலை போடுவோம். அதோடு, நம் தெருவில் இடமில்லாமல் நிற்கிற பிள்ளை யார் என்று இந்தக் கோடைக்குள் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.