துணி வணிகரின் மகன்

புது வீடு குடிபுகுந்தால் ஆசீர்வாதம். லீசிங்கில் வாகனம் எடுத்தால் ஆசீர்வாதம். பிள்ளைக்கு வெளிநாட்டு விசா கிடைத்தால் பெரிய ஆசீர்வாதம். எங்கள் ஆலயங்களில் இந்தச் சொல் இப்போது பெரும்பாலும் பொருட்களோடு சேர்ந்தே வருகிறது. அப்படியென்றால், 2009 இல் உடுத்த உடுப்போடு முகாமுக்கு வந்தவர்களைக் கடவுள் ஆசீர்வதிக்கவில்லையா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இத்தாலியின் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் நினைவுக்கு வருவார்.

1181 அல்லது 1182 இல் பிறந்தவர். தந்தை பியேத்ரோ வசதியான துணி வணிகர், பிரான்ஸ் வரை வியாபாரத்துக்குப் போய்வந்தவர். மகன் நல்ல உடுப்புக்கும் நண்பர்களுடனான விருந்துக்கும் காசைத் தண்ணீராய்ச் செலவழித்தார். அப்படிப்பட்ட இளைஞர்களை எங்கள் கடைத்தெருக்களிலும் காணலாம்.

1202 இல் அயல் நகரமான பெரூஜியாவுடன் சண்டை மூண்டது. போருக்குப் போன பிரான்சிஸ் பிடிபட்டு, ஏறக்குறைய ஒரு வருடம் சிறையில் கிடந்தார். வீடு திரும்பியபின் நீண்ட நோய். பழைய விருந்துகள் அவருக்கு ருசிக்கவில்லை. ஏன் என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் மறுபடி ஆயுதம் தரித்து இன்னொரு போருக்குப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பினார்.

முன்பு கண்டாலே ஒதுங்கிப்போன தொழுநோயாளரிடம் போய் அவர்களுடைய புண்களைக் கழுவினார். பழுதடைந்து கிடந்த சான் தமியானோ தேவாலயத்தைத் திருத்துவதற்காகத் தந்தையின் துணிகளைக் கொண்டுபோய் விற்றார், குதிரையையும் சேர்த்து. தந்தைக்கு வந்த கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 1206 இல் வழக்கு ஆயரின் முன் வந்தது. பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தான் உடுத்திருந்ததையும் கழற்றித் தந்தையின் முன் வைத்தார்.

தோழர்கள் சேர்ந்தனர். 1209 இல் பாப்பரசர் மூன்றாம் இன்னசன்ட் அவர்களுடைய வாழ்க்கை முறையை வாய்மொழியாக ஏற்றார். அவர்கள் காசைத் தொடுவதில்லை. கையால் உழைத்தனர், கூலி கிடைக்காத நாளில் பிச்சை எடுத்தனர். தங்கியிருந்த சிறு தேவாலயத்தைக்கூடத் தமதென்று சொல்லாமல், உரிமையாளரான பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு வருடந்தோறும் ஒரு கூடை மீன் வாடகையாகக் கொடுத்தனர்.

ஒன்றைச் சொல்லவேண்டும். பிரான்சிஸின் ஏழ்மை அவரே தேர்ந்தது. எங்களுடையது எங்கள்மீது சுமத்தப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கி, பறிகொடுத்தவர்களிடம் இழப்பே பேறு என்று போதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரான்சிஸ் தொழுநோயாளரிடம் போனது புண் கழுவத்தான். இயேசு மலைப்பொழிவில் ஏழைகளையும் துயருறுவோரையும் பேறுபெற்றோர் என்றாரே, கடவுள் அவர்கள் பக்கம் நிற்கிறார் என்பதே அதன் பொருள் என்று பிரான்சிஸின் வாழ்விலிருந்து விளங்கிக்கொள்கிறேன். வீடும் வாகனமும் கிடைத்ததா இல்லையா என்பது வேறு கணக்கு.

பொருட்களை அவர் வெறுத்தவருமல்லர். மரணப் படுக்கையில், உரோமையிலிருந்த ஜாகோபா என்ற சிநேகிதி முன்பு செய்துகொடுத்த பாதாம் இனிப்பைக் கேட்டாராம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

பிறகு தன்னை வெறும் தரையில் கிடத்தச் சொன்னார். சகோதரர் ஒருவர் அங்கியொன்றை இரவல் என்று சொல்லிக் கொடுத்தபோதுதான் வாங்கிக்கொண்டார். 1226 ஒக்டோபர் 3 மாலை, அந்தத் துணி வணிகரின் மகன் இறந்தார்.