முசிறி வழியாக வந்தவர்: தோமையாரின் கதை

சென்ற மாதம் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் படிக்கும் பள்ளியில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று வைத்தார்கள். வகுப்பறைக்குள் ஆங்காங்கே சீட்டுகளை ஒளித்துவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. தலைப்பு, பண்டைய ரோமும் தொடக்ககாலக் கிறிஸ்தவமும். நீரோ யார், கொலோசியம் எங்கே என்பதையெல்லாம் பிள்ளைகள் அங்கேயே முடித்துவிட்டார்கள். ஒரே ஒரு சீட்டு மட்டும் வீடுவரை வந்துவிட்டது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ரோமப் பேரரசுக்கு வெளியே, இந்தியாவுக்குப் போனதாகச் சொல்லப்படுபவர் யார், அதற்கு என்ன ஆதாரம் என்பது கேள்வி. அதை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒருவர் தோமா என்று பதில் எழுதினார். இன்னொருவர் அதெல்லாம் கட்டுக்கதை என்றார். முதலாமவர் வருத்தப்பட்டுக் குழுவை விட்டே விலகினார். பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று செயலாளர் கேட்டபோது, எழுதியே தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வவுச்சர் பார்த்து லெட்ஜர் எழுதியவன் நான். அந்தப் பழக்கத்திலேயே எழுதுகிறேன்.

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் தோமாவின் பெயரைப் பன்னிருவர் பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யோவான் ஒருவர்தான் அவரை ஆளாகக் காட்டுகிறார். தோமா என்பது உண்மையில் பெயரே அல்ல. அரமேய மொழியில் இரட்டைப் பிள்ளை என்று பொருள். கிரேக்கத்தில் அதையே திதிமு என்றார்கள். சிரியக் கிறிஸ்தவர்கள் அவருடைய இயற்பெயர் யூதா என்கிறார்கள். கூடப் பிறந்த இரட்டையர் யார் என்று யோவான் சொல்லவில்லை.

யோவானில் அவர் வருவது முக்கியமாக மூன்று இடங்களில். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று சொன்னவர் தோமா. கடைசி இரவில், நீர் போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று குருவிடமே கேட்டவரும் அவர்தான். மூன்றாவதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உயிர்த்தெழுந்த செய்தியை மற்றவர்கள் சொன்னபோது, ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றார். எட்டு நாள் கழித்து நேரில் கண்டதும் விழுந்து வணங்கினார். இந்த ஒரு சம்பவத்தை வைத்து உலகம் அவருக்குச் சந்தேகத் தோமா என்று பட்டம் கட்டிவிட்டது. என்னைக் கேட்டால் இது அநியாயம். சாகப் போவோம் என்ற தைரியத்தை மறந்துவிட்டு, ஆதாரம் கேட்டதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆதாரம் கேட்பது குற்றமென்றால் வங்கியில் இருந்த நாங்கள் எல்லோருமே குற்றவாளிகள்தான்.

இதெல்லாம் நடந்தது திபேரியு பேரரசராக இருந்தபோது. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். அதன் பிறகு தோமா என்ன ஆனார் என்பதைப் பைபிள் சொல்லவில்லை. மீதிக் கதை தோமாவின் பணிகள் என்ற பழைய நூலில் வருகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள எதெசா நகரப் பக்கம், சிரிய மொழியில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் நூல். அதிசயங்கள் நிறைந்தது, திருச்சபைகள் அதை வேதமாக ஏற்கவில்லை. ஆனால் கதை ருசியானது.

சீடர்கள் எருசலேமில் கூடி, எந்த நாட்டுக்கு யார் போவது என்று சீட்டுப் போடுகிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. உடம்புக்கு முடியாது, மொழி தெரியாது என்று அவர் மறுக்கிறார். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்த அன்று நாங்கள் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதான். அந்த நேரம் இந்தியாவிலிருந்து ஹப்பான் என்ற வணிகர் வருகிறார். குந்தபோர் என்ற மன்னனுக்கு மாளிகை கட்டத் தெரிந்த தச்சர் ஒருவர் வேண்டும். இயேசுவே தோன்றி, தோமாவைத் தன் அடிமை என்று சொல்லி, பத்திரம் எழுதி விற்றுவிடுகிறார். தோமா மறுபேச்சுப் பேசாமல் கப்பல் ஏறுகிறார்.

மன்னன் மாளிகைக்கு முன்பணம் கொடுக்கிறான். கேட்கக் கேட்க மேலும் அனுப்புகிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மன்னன் விசாரிக்க, மாளிகை முடிந்துவிட்டது, ஆனால் அது விண்ணுலகில் இருக்கிறது, இறந்த பிறகுதான் பார்க்க முடியும் என்கிறார் தோமா. பயன்பாட்டுச் சான்றிதழ் இல்லாமல் தவணை தவணையாகப் பணத்தை விடுவித்த மன்னனை எந்தத் தணிக்கையாளரும் மன்னிக்கமாட்டார். தோமா சிறைக்குப் போகிறார். அன்றிரவு மன்னனின் தம்பி காத் இறந்து, மேலே அந்த மாளிகையைக் கண்டு, அதை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொள்வதற்காகவே உயிரோடு திரும்புகிறான். சகோதரர் இருவரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

வெறும் கதை என்று ஒதுக்கிவிடத்தான் தோன்றும். நெடுங்காலம் அப்படித்தான் ஒதுக்கிவைத்தார்கள். ஏனென்றால் குந்தபோர் என்ற மன்னனின் பெயர் வேறு எந்த வரலாற்றிலும் இல்லை. 1830களில் ஆப்கானிஸ்தானில் சார்லஸ் மேசன் என்ற ஆங்கிலேயர் பழைய நாணயங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். அவற்றில் கொண்டபரஸ் என்ற மன்னனின் பெயர் இருந்தது. பின்னர் பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாஹியில் அவனுடைய கல்வெட்டும் கிடைத்தது. அதிலுள்ள ஆண்டுக் கணக்குப்படி அது கி.பி. 46ஐ ஒட்டி வருகிறது. தோமாவின் காலமும் அதுவே. மாளிகைக் கதை நடந்தது என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் கதை எழுதியவருக்கு, இருநூறு ஆண்டுக்கு முன் எங்கோ தொலைவில் ஆண்ட ஒரு மன்னனின் பெயர் சரியாகத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்பது நியாயமான கேள்வி.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கேரளத்து மரபு வடமேற்கை விட்டுவிட்டு வேறு வழி சொல்கிறது. கி.பி. 52இல் தோமா கொடுங்கல்லூர்ப் பக்கம், அதாவது பழைய முசிறியில் இறங்கினார், ஏழு இடங்களில் சபைகளை நிறுவினார் என்பது அந்த மரபு. கொடுங்கல்லூர், பாலயூர், கோட்டக்காவு, கொக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம் ஆகியவை அந்த ஏழு. அவற்றோடு ஓர் அரைப் பள்ளி, அது நம் மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில். ஏழரை என்றாலே நமக்குச் சனி நினைவுக்கு வரும். அவர்களுக்கு ஏழரைப் பள்ளி என்பது பெருமை. அரப்பள்ளி என்ற பெயருக்கு அரைப் பள்ளி என்று சிலரும், அரசன் கொடுத்த பள்ளி என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். சிறிய கருங்கல் கட்டடம், இப்போது மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையிடம் இருக்கிறது. கி.பி. 63இல் தோமா அமைத்தது என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை.

யூதேயாவிலிருந்து ஒரு மனிதர் அந்தக் காலத்தில் இங்கே வந்திருக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் அரபுக் கரையிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்பது பிளினியின் கணக்கு. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், நம் கன்னியாகுமரி கொமரி என்ற பெயரில் வருகிறது. ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடி நோன்பிருப்பதையும், அங்கே ஒரு பெண் தெய்வம் இருப்பதையும் அவர் குறித்திருக்கிறார். கொட்டாரத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போகும் இடம் ரோமானியக் கப்பல்காரருக்குத் தெரிந்திருந்தது. முசிறித் துறையில் யவனர் கலங்கள் மிளகு ஏற்றியதை நம் அகநானூறும் பேசுகிறது.

பிளினியின் புலம்பல் இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் இந்தியா மட்டும் ரோமிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்கிறார். ஒரு ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900 செஸ்டர்ஸ். வகுத்துப் பார்த்தேன், ஐம்பத்தைந்தாயிரம் சிப்பாய்களுக்கு ஒரு வருடச் சம்பளம். இன்றைய பாஷையில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை! பிளினி மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள், அதாவது தோமா வாழ்ந்த காலத்துக்குச் சரியாகப் பொருந்துபவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு. மறுபடி நாணயமாகப் புழங்காமல் வெறும் பொன்னாக எடைபோடுவதற்கு அப்படிச் செய்திருக்கலாம் என்கிறார்கள். நாங்கள் பழைய நோட்டுகளில் துளையிட்டு ரத்து செய்தது போலத்தான். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடும் இருக்கிறது. முசிறி வணிகத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம், சரக்குதான் ஈடு. அதன் பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கை மதிப்பிட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். அந்த ஏட்டை நேரில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை, நடக்குமா தெரியவில்லை.

ஆக, கப்பல் இருந்தது, வழி இருந்தது. இந்தப் பயணி ஏறினார் என்பதற்கான சீட்டுதான் கையில் இல்லை. கேரளத்துக் கிறிஸ்தவர்கள் பற்றி நம்மிடம் உள்ள அசைக்க முடியாத உள்ளூர் ஆவணம் 849ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் உள்ளன. அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துகளும் உண்டு. தோமாவின் காலத்துக்கும் அதற்கும் இடையே எண்ணூறு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்புவது மக்களின் நினைவும் பாட்டும்தான். கட்டுக்கதை என்று எழுதியவர் இந்த இடைவெளியைப் பார்த்துச் சொன்னார். மனம் நொந்தவர் அந்த நினைவின் பக்கம் நின்றார். இருவரும் வெவ்வேறு லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவருடைய மரணம் மயிலாப்பூரில், கி.பி. 72இல் என்பது மரபு. சைதாப்பேட்டைச் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பெரிய மலையில் ஈட்டியால் குத்தப்பட்டார் என்கிறார்கள். பழைய நூலிலும் அவரை மலைமேல் கொண்டுபோய் நான்கு சிப்பாய்கள் ஈட்டியால் குத்துகிறார்கள், ஊர் பெயர்தான் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அவருடைய கல்லறை பற்றி எழுதியபோது, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வணங்கப் போனதைச் சொல்லியிருக்கிறார். நோய் தீர அங்கிருந்து சிவப்பு மண்ணை எடுத்துப் போவார்களாம். போர்த்துகீசியர் 1523இல் அந்தக் கல்லறையைத் தோண்டினார்கள். பெரிய மலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையில் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்துகள் இருக்கின்றன. அது தோமா செதுக்கியதாக இருக்க முடியாது, பல நூற்றாண்டு பிந்தியது. ஆனால் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு நல்ல சாட்சி.

எலும்புகளுக்குத் தனிப் பயணம். நான்காம் நூற்றாண்டிலேயே அவை எதெசாவில் இருந்தன, எகேரியா என்ற பெண் யாத்திரிகர் அங்கே போய் வழிபட்டதை எழுதிவைத்திருக்கிறார். பிறகு கியோஸ் தீவுக்கு. அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா என்ற கடற்கரை ஊருக்கு. இன்றும் அங்கேதான். ரோமப் பேரரசை விட்டு வெளியே வந்தவர் என்று சீட்டில் கேட்டார்களே, அவருடைய எலும்புகள் கடைசியில் இத்தாலிக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

அவருடைய திருநாள் ஜூலை 3. பிள்ளைகளைத் திருவிதாங்கோட்டுக்கு அழைத்துப்போக விரும்புகிறவர்கள் தக்கலையில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து பக்கம்தான். பத்மநாபபுரம் அரண்மனையும் அதே நாளில் பார்த்துவிடலாம், திங்கட்கிழமை மட்டும் அரண்மனைக்கு விடுமுறை.