இறைவனிடம் முறையிட்ட வள்ளல்

இறைவனிடம் நாம் எதைக் கேட்கிறோம்? தேர்வில் வெற்றி, உடலுக்கு நலம், வீட்டிற்கு வளம். எல்லாம் நமக்காகவே! குற்றமறியா உயிர்கள் படும் துயரைத் தம் துயராய்ச் சுமந்து, அவற்றுக்காக முறையிட்டவர் வடலூர் இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா, சின்னம்மை இணையருக்கு 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அவரைப் பிணிக்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கல்விக்கூடமாயிற்று.

1854இல் அவருடைய 'மனுமுறை கண்ட வாசகம்' வெளிவந்தது. தேர்க்காலில் மாண்ட கன்றுக்காகத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்த சோழ மன்னனின் வரலாறு அது. வாயில்லாப் பசுவிற்கும் நீதி உண்டு என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

பின்னாளில் பாடிய 'பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில்' தந்தையிடம் மகன் பேசும் உரிமையோடு இறைவனிடம் பேசுகிறார். ஏழையின் இளைப்பு, நோயாளியின் வேதனை, கருகும் பயிர் அனைத்தையும் எடுத்துரைக்கிறார். வலையையும் தூண்டிலையும் கண்டாலே நெஞ்சம் நடுங்கியதாக முறையிடுகிறார்.

வறியவர் வீட்டைச் சுட்டி, அது அவர்கள் விதி என்று சொல்வதை எங்கள் ஊரில் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்ததுண்டு. அதற்கு விடையை அடிகளாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் கண்டேன். முன்வினையால் பசிப்பவனுக்கு உணவிடுவது இறைவன் ஆணைக்கு மாறாகாதா என்னும் வினாவை அவரே எழுப்புகிறார். பெருங்குற்றம் புரிந்து சிறைப்பட்டவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறிடுகிறான் என்று காட்டி, அவ்வாதத்தைத் தகர்க்கிறார். குற்றவாளிக்கே சோறு உண்டென்றால், ஒரு பாவமும் அறியாத பச்சிளங் குழந்தையின் பசிக்கு விதியைக் காட்டி நாம் எப்படி விலகிப் போவது?

விண்ணப்பத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேளாமல், சமயம் கேளாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கே உணவிடப்பட்டது. 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் சோதி வழிபாடு தொடங்கியது. 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டதில்லை.

தருமச்சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது, பசித்தவர் உண்கின்றனர்.

தோழர்களே! ஏழைக்கு இரங்குமாறு இறைவனை வேண்டுவோம். வேண்டிக் குவித்த கைகளாலேயே அவனுக்குச் சோறும் இடுவோம். அதுவே வள்ளலார் காட்டிய வழிபாடு!