மிட்டாய் உருகியது, புது அடுப்பு பிறந்தது!

நெருப்பு இல்லை. புகை இல்லை. கரி இல்லை. ஆனாலும் ஒரு நிமிடத்தில் பால் சுடுகிறது. ஆறிப்போன சோற்றில் ஆவி பறக்கிறது. அதுதான் மைக்ரோவேவ் அடுப்பு.

இந்த அடுப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் பலர். ஏதோ கதிர் வருகிறதாமே, இதில் வைத்ததைச் சாப்பிட்டால் நோய் வருமோ, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமோ என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள்.

இந்த அடுப்பைக் கண்டுபிடித்தவர் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இந்த அடுப்பில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

தகப்பன் இல்லாத பிள்ளை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே ஹௌலண்ட் என்ற சிற்றூரில் 1894-ம் ஆண்டு ஸ்பென்சர் பிறந்தார்.

அவருக்கு ஒன்றரை வயது ஆனபோது தகப்பனார் இறந்துபோனார். தாயார் குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த உறவினரும் அவருடைய மனைவியும் பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். பையனுக்கு 7 வயது ஆனபோது, வளர்த்தவரும் இறந்துவிட்டார்.

வறுமை வந்தது. படிப்பு பாதியில் நின்றது. 12 வயதில் ஸ்பென்சர் மில் வேலைக்குப் போனார். நூல் சுற்றும் மரக்கட்டைகள் செய்கிற மில் அது. பொழுது விடியும்போது உள்ளே போவார். பொழுது சாயும்போது வெளியே வருவார். இப்படி 4 ஆண்டுகள் ஓடின.

16 வயதில் ஒரு செய்தி காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த காகித மில்லில் மின்சாரம் அமைக்கப் போகிறார்களாம். அந்த வட்டாரத்தில் மின்சார வேலை தெரிந்தவர்கள் அரிது. ஸ்பென்சருக்கும் தெரியாது. ஆனாலும் துணிந்து போய் வேலை கேட்டார். வேலை கிடைத்தது. செய்து செய்தே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

இரவில் படித்தார்

1912-ம் ஆண்டு டைட்டானிக் கப்பல் கடலில் மூழ்கியது. கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கேட்டதால் இன்னொரு கப்பல் வந்து, சுமார் 700 பேரைக் காப்பாற்றியது. இந்தச் செய்தி ஸ்பென்சர் மனதில் பதிந்தது. கம்பியில்லாத் தந்தியைக் கற்க வேண்டும் என்று கடற்படையில் சேர்ந்தார்.

பகலில் வேலை. இரவில் காவல். காவல் நேரத்தில் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஸ்பென்சர் பாடப் புத்தகத்தை விரிப்பார். கணிதம், பௌதிகம், ரசாயனம் எல்லாவற்றையும் தாமே படித்தார். வாத்தியார் கிடையாது.

பிறகு மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள ரேதியான் என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ரேடியோவுக்கு வேண்டிய குழாய்களைச் செய்யும் கம்பெனி அது. கடைசிவரை அங்கேயே இருந்தார்.

யுத்தத்தில் உதவிய குழாய்

இரண்டாவது உலக யுத்தம் நடந்த காலம். எதிரி விமானம் வருவதைத் தூரத்திலேயே காட்டிக் கொடுக்கும் கருவி ரேடார். அதன் உயிர்நாடி மாக்னெட்ரான் என்ற குழாய். அதிலிருந்துதான் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலைகள் பிறக்கின்றன.

பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் உருவாக்கிய புதுவகை மாக்னெட்ரான் 1940-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைச் செய்வது சுலபம் அல்ல. கெட்டியான செம்புக் கட்டியை நுட்பமாகக் குடைய வேண்டும். நாள் கணக்கில் வேலை பிடிக்கும்.

ஸ்பென்சர் ஒரு வழி சொன்னார். கட்டியைக் குடைய வேண்டாம். மெல்லிய தகடுகளை அச்சில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடாக்கி ஒட்டவைத்தால் போதும் என்றார். வேலை மளமளவென்று நடந்தது. ஒரு நாளைக்கு 2,600 குழாய்கள் வரை செய்ய முடிந்தது. அமெரிக்கக் கடற்படை அவருக்கு விருது கொடுத்துப் பாராட்டியது.

பையில் இருந்த மிட்டாய்

1945-ம் ஆண்டு. ஒரு நாள் ஸ்பென்சர், வேலை செய்துகொண்டிருந்த மாக்னெட்ரான் அருகில் நின்றார். பையில் ஒரு மிட்டாய் வைத்திருந்தார். அது சாக்லெட் என்பார்கள் சிலர். கடலை மிட்டாய் என்பார்கள் சிலர். தொட்டுப் பார்த்தார். கூழாக உருகிப் போயிருந்தது!

மற்றவர்கள் என்றால் சட்டை பாழாயிற்றே என்று போயிருப்பார்கள். ஸ்பென்சர் காரணம் தேடினார். மக்காச்சோளத்தைக் கொண்டுவரச் செய்து, குழாய் அருகில் வைத்தார். பொரிந்து நாலா பக்கமும் சிதறியது.

அடுத்து ஒரு முட்டையை வைத்தார். முட்டை ஆடியது. கூட இருந்தவர் எட்டிப் பார்த்தார். படீர் என்று வெடித்து அவர் முகத்தில் அடித்தது!

அடுப்பின் நன்மை, ஆபத்து இரண்டும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டன. சூடு வேகமாக ஏறும், அது நன்மை. உள்ளே அடைபட்ட நீராவி வெடிக்கும், அது ஆபத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பென்சர் நின்றதுபோல், திறந்த குழாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. பலமான நுண்ணலை உடம்பையும் சுட்டுவிடும். முக்கியமாகக் கண்ணுக்கு ஆகாது. அதனால்தான் இந்த அலைகளை உலோகப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். பெட்டிக்குள் அடைத்த அலைதான் அடுப்பு ஆயிற்று.

1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடப்பட்டது. 1950-ல் காப்புரிமை கிடைத்தது. கம்பெனி வழக்கப்படி ஸ்பென்சருக்குக் கிடைத்த சன்மானம் 2 டாலர்தான் என்பார்கள்.

முதலில் விற்பனைக்கு வந்த அடுப்பு ஓர் ஆள் உயரம். 340 கிலோ எடை! ஓட்டல்களும் கப்பல்களும்தான் வாங்க முடிந்தது. 1955-ல் வீட்டுக்கு ஏற்ற அடுப்பு 1,295 டாலர் விலையில் வந்தது. 1967-ல் மேஜைமேல் வைக்கும் சிறிய அடுப்பு 495 டாலருக்குக் கிடைத்தது.

பயம் ஏன் வந்தது?

மிட்டாய் உருகிய அதே 1945-ம் ஆண்டில்தான் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே உலகம் நடுங்கியது. புது அடுப்புக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. பயமும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அணுகுண்டின் கதிரும் எக்ஸ்ரே கதிரும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் பலம் உள்ளவை. நுண்ணலைக்கு அந்தப் பலம் கிடையாது. அது ரேடியோ அலையின் தம்பி. உணவில் உள்ள தண்ணீரின் துகள்களை ஆட்டிவைக்கும். அந்த ஆட்டத்தில் சூடு பிறக்கும். அவ்வளவுதான்.

விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்குகிறதா? இல்லை. அதுபோல் அடுப்பு நின்றால் அலையும் போய்விடும். உணவில் எதுவும் தங்காது.

அலை வெளியே கசிந்தால் என்ன செய்வது? அதற்கும் காவல் உண்டு. 1968-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1971 முதல் கசிவுக்கு வரம்பு கட்டினார்கள். அடுப்பிலிருந்து 2 அங்குல தூரத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது. உடம்புக்குத் தீங்கு செய்யும் அளவைவிட இது மிகவும் குறைவு. கதவைத் திறந்தால் அலை தானே நின்றுவிட வேண்டும் என்பதும் விதி. கதவு உடைந்தாலோ, சரியாக மூடாவிட்டாலோ அடுப்பை உபயோகிக்கக் கூடாது.

சத்து குறையுமா?

எந்த அடுப்பில் சமைத்தாலும் சத்து கொஞ்சம் குறையத்தான் செய்யும். வைட்டமின் சி அதிக நேரம் கொதித்தால் அழியும். தண்ணீரை வடித்தால் அதோடு போய்விடும். மைக்ரோவேவ் அடுப்பில் நேரம் குறைவு; தண்ணீரும் குறைவு. ஆகையால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதைவிட, காய்கறியில் சத்து அதிகம் தங்கும்.

அதற்காக, எண்ணெய்ப் பலகாரத்தை இதில் சுடவைத்தால் அது நல்ல உணவு ஆகிவிடாது. உணவின் குணத்தை அடுப்பு மாற்றாது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

ஸ்பென்சரின் முட்டையை நினைவில் வைக்க வேண்டும். ஓட்டோடு முட்டையை வைக்கக் கூடாது. இறுக மூடிய பாத்திரமும் ஆகாது.

நுண்ணலை உணவுக்குள் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வரைதான் பாயும். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவ வேண்டும். ஓர் இடம் கொதிக்கும். ஓர் இடம் சில்லென்று இருக்கும். சில்லென்ற இடத்தில் கிருமிகள் சாகாது. ஆகவே நடுவில் ஒரு முறை கிளற வேண்டும். எடுத்த பிறகு இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். பழைய உணவு 74 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக வேண்டும்.

பல மணி நேரம் வெளியே கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இது எல்லா அடுப்புக்கும் பொருந்தும்.

குழந்தையின் பால் புட்டியை இதில் சுடவைக்கக் கூடாது. புட்டி தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்; உள்ளே பால் வாயைச் சுட்டுவிடும். வெந்நீரில் புட்டியை வைப்பதே நல்லது.

வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால், குமிழி வராமலே கொதிநிலையைத் தாண்டிவிடும். கரண்டி பட்டதும் பொங்கி மேலே அடிக்கும்.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களும் தங்கக் கோடு போட்ட பீங்கானும் வேண்டாம்; தீப்பொறி பறக்கலாம். மைக்ரோவேவ் அடுப்புக்கு என்று செய்த கண்ணாடி, பீங்கான் பாத்திரமே ஏற்றது. சாதாரணப் பிளாஸ்டிக் சூட்டில் உருகி, அதில் உள்ள பொருள்கள் உணவில் கலக்கலாம்.

மில் பையன் டாக்டர் ஆனார்

பள்ளிப் படிப்பை முடிக்காத ஸ்பென்சர், கம்பெனியின் உயர்ந்த பதவிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1970 செப்டம்பரில், 76-வது வயதில் அவர் காலமானார். சிறிய அடுப்பு வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலம் அது. 1999-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

மிட்டாய் உருகியபோது அவர் மிரண்டு ஓடவில்லை. காரணம் என்ன என்று பார்த்தார். முட்டை வெடித்தபோது அலட்சியமும் செய்யவில்லை. அலையைப் பெட்டிக்குள் பூட்டினார். அவர் தந்த அடுப்பின் முன் நிற்கிறவர்களுக்கும் அந்த இரண்டும் வேண்டும்: வீண் பயம் கூடாது, கவனக்குறைவும் கூடாது.