ஹைதர் அலியும் ஒற்றர் திறனும்

திருவண்ணாமலை என்றவுடன் நமது வாசகர்களின் மனத்தில் முதலில் தோன்றுவன அருணாசலேசுவரர் ஆலயத்தின் கோபுரங்களும், கார்த்திகைத் தீபமும், கிரிப் பிரதக்ஷிணம் செய்யும் பக்தர் கூட்டமுமேயாம். அந்த மலையின் அருகே 1767-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 26-ந் தேதி, மைசூர் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு புறமும், ஆங்கிலக் கும்பினியார் மற்றொரு புறமுமாக நின்று பொருதனர் என்பதை அறிந்தோர் சிலரே. அந்த யுத்தத்தில் ஹைதர் தோல்வியுற்றார். வீரத்தில் குறைந்து தோற்றாரில்லை. கண்ட ஒரு காட்சிக்குத் தவறான பொருள் கொண்டதனாலேயே தோற்றார். ஒற்றர்களைத் தேர்ந்தெடுத்து ஆள்வதில் பெரும் பெயர் பெற்ற ஒருவர் இவ்வாறு ஏமாந்தது எப்படி? ஒருவன் ஒற்றனாவதுதான் எதனால்? பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவரும் சிந்திக்கவேண்டிய விஷயம் இது என்று கருதியே அம்மனிதரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

ஹைதர், கோலார்ச் சீமையிலுள்ள பூதிகோட்டையில் 1720-ம் வருஷத்தையொட்டிப் பிறந்தவர். தந்தையார் பத்தே முகம்மது போர்க்களத்தில் மடிந்தபோது ஹைதர் சிறு பிள்ளை. கல்விக்கு வழியில்லை, இறுதிவரையில் எழுதவும் படிக்கவும் அவர் அறியார். 1749-ம் வருஷம் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய தீரத்தினால் மைசூர் சர்வாதிகாரி நஞ்சராஜரின் கண்ணில் பட்டு, படிப்படியாக உயர்ந்தார். எழுத்தறியாமை மற்றொருவருக்குக் குறையாக முடிந்திருக்கும். இவரோ அதனாலேயே செவியையும் ஞாபகசக்தியையும் கூர்மையாக்கிக் கொண்டார். ஒரு எழுத்தர் எழுதிய கடிதத்தை மற்றொரு எழுத்தரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். சொன்னதற்கு மாறாக ஒரு வார்த்தை இருப்பினும் எழுதியவன் தலைக்கு ஆபத்து. ஒருவன் சொல்லை மற்றொருவன் சொல்லால் சோதிக்கும் இந்த வழக்கமே அவருடைய ஒற்றர் முறைக்கெல்லாம் அஸ்திவாரம். ஒற்றாடல் என்று ஒரு முழு அதிகாரமே வகுத்த திருவள்ளுவரும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டறிய வேண்டுமென்றே விதிக்கிறார். குறளைக் கல்லாத ஹைதர் அனுபவத்தில் அதைக் கற்றார்.

1755-ம் வருஷம் ஹைதர் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். தலைநகராகிய ஸ்ரீரங்கப்பட்டணமோ நெடுந்தூரத்தில் இருந்தது. அங்கே யார் எழுகிறார், யார் விழுகிறார், தம்மைப்பற்றி அரண்மனையில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை அறிய அவருக்கு ஒரு கண் வேண்டியிருந்தது. அதற்காக அவர் தேர்ந்தெடுத்தவர் கண்டே ராவ் என்னும் பிராமணக் கணக்கர். வாளேந்தும் வீரனை யாவரும் கவனிப்பர். கணக்குச் சுவடியோடு மூலையில் அமர்ந்திருப்பவரை யாரும் கவனியார். கொள்ளைப் பொருளில் தம் வீரர்க்கும் தமக்கும் பங்கு பிரிக்கும் கணக்கை ஆரம்ப நாளிலிருந்தே எழுதி வந்தவராதலின், ஹைதரின் ரகசியங்களெல்லாம் அவருக்குத் தெரியும். திண்டுக்கல்லில் படை பெருகியதும், அந்தப் படையின் தொகை உள்ளதற்கு மேலாகத் தலைநகரில் காட்டப்பட்டதும், அதற்கு வேண்டிய பணம் தடையின்றி வந்ததும், அரண்மனையில் கண்டே ராவ் இருந்து காரியம் பார்த்ததன் பயனே.

ஆனால் ஒருவருக்குக் கண்ணாக இருப்பவன் தானும் பார்க்கிறான் என்பதை எஜமானர்கள் மறந்துவிடுகிறார்கள். ஹைதர் ராஜ்யத்தின் உண்மையான அதிபதியாகிவிட்டதையும், உடையார் வமிசத்து அரசர் பெயரளவில் நிற்பதையும் கண்டே ராவ் நாள்தோறும் அருகிலிருந்து கண்டார். அரண்மனைப் பெண்மணிகளும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்தனர். 1760-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஹைதரின் சேனையில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரருக்கு உதவியாகப் புதுச்சேரிப் பக்கம் சென்றிருந்த சமயம் பார்த்து, கோட்டைப் பீரங்கிகளை அவர் முகாமின்மீதே திருப்பினார். ஹைதர் குடும்பத்தையும் விட்டுவிட்டு, ஒரு சிலரோடு இரவிலே காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடவேண்டியதாயிற்று. ஹைதரின் பக்ஷத்தில் நின்று பார்ப்போர்க்குக் கண்டே ராவ் துரோகி. உடையார் வமிசத்தின் பக்ஷத்தில் நின்று பார்ப்போர்க்கு அவரே ராஜபக்தர். ஒற்றர்களின் சரித்திரத்தில் இந்த இரட்டைத் தன்மை எங்கும் உண்டு.

ஹைதர் பழிதீர்த்த விதமும் ஒற்றர் வழியே. நேர்ப்போரில் வெல்ல முடியாதபோது, பழைய எஜமானராகிய நஞ்சராஜரின் முத்திரையோடு சில கடிதங்களைத் தயாரித்தார். கண்டே ராவைப் பிடித்துக் கொடுப்பதாக அவருடைய படைத் தலைவர்களே ஒப்புக்கொண்டிருப்பது போலவும், அதற்கு மறுமொழி எழுதுவது போலவும் அவை அமைந்திருந்தன. அக்கடிதங்கள் கண்டே ராவின் கையில் சிக்கும்படியும் செய்தார். படித்த கண்டே ராவ் தம் தலைவர்களையே நம்பாமல் களத்தைவிட்டு ஓடினார். தலைவனிழந்த சேனை சிதறியது. 1761-ல் பிடிபட்ட அவரை ஹைதர் இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார். கிளியைப்போல வளர்ப்பதாகச் செய்திருந்த வாக்குறுதியை இவ்வாறு நிறைவேற்றினாராம். கேட்போர் நகைத்திருக்கலாம். இனித் தம் எஜமானருக்கு ஊழியம் செய்யப்போகும் கணக்கர்களும் தூதர்களும் நகைத்திருக்க மாட்டார்கள்.

மனிதனை ஒற்று வேலைக்கு இழுக்கும் கயிறுகள் நான்கு என்று நாம் கருதுகிறோம். கூலி ஒன்று; பயம் ஒன்று; மனக்குறை ஒன்று; நம்பிக்கை ஒன்று. ஹைதர் நான்கையும் பிடித்திழுக்க அறிந்தவர். அக்காலத்தில் ஹர்க்காராக்கள் என்போர், ஓடிச்சென்று கடிதம் சேர்ப்பதும் வழியில் கண்டதை வந்து சொல்வதுமாகிய இரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்தனர். நவாபும், மராட்டியரும், கும்பினியாரும் அவர்களையே நம்பியிருந்தனர். வழிகாட்டியும், மாட்டு வியாபாரியும், தானியம் சுமக்கும் பிரிஞ்சாரியும், பரதேசியும் எந்தச் சேனையின் நடுவிலும் புகுந்து வெளிவரக்கூடியவர்கள். சந்நியாசி வேஷத்தையும் வர்த்தகன் வேஷத்தையும் ஒற்றர்க்குரியனவாக அர்த்தசாஸ்திரமும் வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை போன்ற க்ஷேத்திரங்களில் எந்த ஊரார் வந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்பாரில்லை. மைசூர் மேட்டிலிருந்து செங்கம் கணவாய் வழியாக இறங்குவோர்க்கு அவ்வூரே கர்நாடகச் சீமையின் வாயில். அங்கே சேனைகளும் செய்திகளும் ஒருங்கே சந்தித்ததில் வியப்பில்லை.

இனி 1767-ம் வருஷத்துக்கு வருவோம். ஆகஸ்டு 25-ந் தேதி ஹைதரின் குதிரைப்படை கணவாயிலிருந்து இறங்கியதைக் கர்னல் ஜோசப் ஸ்மித், தம் மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்ட பிறகே அறிந்தார். செப்டம்பர் 3-ந் தேதி செங்கத்தில் நடந்த சண்டையில் வென்றபோதிலும், கையில் அரிசியில்லாமல் திருவண்ணாமலைக்கு விரைந்தார். ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் அதிகாரிகள் அங்கே தானியம் குவிந்து கிடப்பதாகச் சொல்லியிருந்தனர். போய்ப் பார்த்தால் அது பொய். நவாபின் வரி வசூலால் நொந்த குடிகள், அவருடைய நண்பர்களுக்கு நெல்லையோ செய்தியையோ எதற்காகக் கொடுப்பார்கள்? அதே மாதத்தில் இளவயதினராகிய திப்பு, சென்னையின் புறத்தே குதிரைப்படையோடு தோன்றினார். தோட்ட வீட்டில் தங்கியிருந்த கவர்னரும் ஆலோசனைச் சபையினரும் பிடிபடாமல் தப்பியது அதிர்ஷ்டமே. கும்பினியாரிடம் பணம் இருந்தது, கண் இல்லை.

அவ்வாறாயின் 26-ந் தேதி ஹைதர் ஏன் தோற்றார்? ஸ்மித்தின் சேனை பட்டினியால் வாடுவதை அவருடைய ஒற்றர்கள் சரியாகவே சொல்லியிருந்தனர். அன்று நடுவே சதுப்பு நிலம் கிடக்க, ஸ்மித் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் தாக்க நகர்ந்தார். அதைக் கண்ட ஹைதரும் நிஜாமும், பசிக்காற்றாமல் ஆர்க்காட்டை நோக்கி ஓடுகிறார்களென்று முடிவு செய்து, வழிமறிக்கப் படைகளை முன்னே செலுத்தினர். குன்றின் மறுபுறத்தில் அவர்கள் சந்தித்தது ஓடும் சேனையையன்று, அணிவகுத்து வரும் சேனையை. பல பீரங்கிகளை இழந்து பின்வாங்கினர். பிழை ஒற்றருடையதன்று, கேட்கவிரும்பியதைக் கேட்டும், காணவிரும்பியதைக் கண்டும் நின்ற தலைவர்களுடையது. நிஜாம் அடுத்த பிப்ரவரியிலேயே கும்பினியாருடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டு ஹைதரைக் கைவிட்டார்.

ஹைதர் பாடம் கற்றுக்கொண்டார். 1769-ம் வருஷம் பெருஞ்சேனையைப் பின்னே அனுப்பிவிட்டு, தேர்ந்த குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் சுமார் 130 மைல் கடந்து, பரங்கிமலைக்கெதிரே வந்து நின்றார். எதிரியின் சேனை எங்கே இருக்கிறதென்று திட்டமாய்த் தெரிந்தவரன்றி மற்றவர் அப்படி வர இயலாது. கும்பினியார் ஏப்ரலில் சமாதானத்துக்கு இசைந்தனர்.

ஒற்றர் வேலைக்கு நம்பிக்கையைக் கருவியாக்கிய கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1779-ல் ஹைதரின் எண்ணத்தை அறிய விரும்பிய கவர்னர் ரம்போல்டு, தமிழ் நன்கறிந்த சுவார்ட்ஸ் பாதிரியாரை ரகசியத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். எவரையும் நம்பாத ஹைதர் அந்தப் பாதிரியாரின் வார்த்தையை மட்டும் நம்பக்கூடியவர் என்பது கவர்னருக்குத் தெரியும். பாதிரியார் கூலிக்காகப் போகவில்லை. இரத்தம் சிந்தாமல் தடுக்கலாமென்று போனார். ஹைதர் வழிச்செலவுக்கு அளித்த பணத்தையும் சென்னைச் சர்க்காரிடமே ஒப்படைக்க முன்வந்தார். அவர்கள் வேண்டாமென்றதும் தஞ்சையில் பள்ளிக்கூட தர்மத்துக்கு ஒதுக்கினார். நல்லவர்களும் இவ்வாறு ஒற்றுக்குக் கருவியாவதுண்டு. அவர்களுடைய நன்மையே அவர்களை இழுக்கும் கயிறாகிறது.

மறு வருஷம் ஜூலையில், 80,000-க்கு மேற்பட்ட சேனையோடு ஹைதர் செங்கம் கணவாய் வழியாக மீண்டும் இறங்கினார். முன்கூட்டி வந்த செய்திகளைச் சென்னைச் சபையார் பொருட்படுத்தவில்லை. எரியும் கிராமங்களின் புகை பரங்கிமலையிலிருந்து தெரிந்தபோதுதான் நம்பினார்கள். கர்னல் பெய்லிக்குத் துணையாகச் சென்ற பிளெச்சரின் வழிகாட்டிகள் ஹைதரிடம் கூலி பெற்றவர்கள். பிளெச்சர் ஐயுற்று வேறு பாதையில் சென்றதனால் ஒரு நாள் தப்பினார். ஆயினும் செப்டம்பர் 10-ந் தேதி பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது, பிளெச்சரும் மாண்டார். சில மைல் தூரத்தில் காஞ்சியில் இருந்த ஜெனரல் மன்ரோவுக்கு நடப்பது இன்னதென்று தெரியவில்லை.

இந்த வெற்றியைப் பாராட்டும் நாம் மற்றொன்றையும் மறைக்கலாகாது. எரிந்த கிராமங்கள் தமிழ்க் குடிகளின் கிராமங்கள். கூலி பெற்ற வழிகாட்டி எந்தச் சேனை வென்றாலும் அஞ்சி வாழவேண்டியவன். பதவியிழந்த பாளையக்காரரும், அரசிழந்த மைசூர் ராணி லக்ஷ்மி அம்மணியும் ஹைதரின் மேல் ஆறாத மனக்குறை கொண்டிருந்தனர். ராணியின் தூதராகிய திருமலை ராவ் தஞ்சையில் இருந்துகொண்டு 1782-ல் கும்பினியாருடன் ரகசிய ஒப்பந்தம் செய்தார். கும்பினியாரும் கண் திறந்தனர். ரீட் என்னும் காப்டன் ஆம்பூரில் இருந்துகொண்டு செய்தி இலாகாவை நடத்தினார். தேச பாஷைகளை அறிந்திருந்ததனால் அவருக்கு உதவியாக 1788-ல் சேர்க்கப்பட்ட இளைஞரே, பின்னர்ச் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்ரோ. 1790 முதல் 1792 வரை நடந்த யுத்தத்தில் பாளையக்காரரையும் பிரிஞ்சாரிகளையும் ரீட் தம் வசப்படுத்தினார். ஹைதரும் திப்புவும் விதைத்த மனக்குறையைக் கும்பினியார் அறுவடை செய்தனர்.

அதைக் காண ஹைதர் இருக்கவில்லை. 1782-ம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி, சித்தூருக்கருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ராஜபிளவை நோயால் மரித்தார். அப்போது திப்பு மலையாளக் கரையில் இருந்தார். சடலத்தைப் பொக்கிஷப் பெட்டிபோல் மூடிக் கோலாருக்கு அனுப்பிவிட்டு, நவாப் நோயுற்றிருப்பதாகவே மந்திரிகள் முகாமை நடத்தினார்கள். சென்னைக்குச் செய்தி எட்டியும், அதை நம்பிப் படை உடனே நகரவில்லை. செய்தியாலேயே வாழ்ந்தவர், தம் மரணச் செய்தியின் மறைவினால் தம் மகனுக்கு ராஜ்யத்தைக் காத்துக் கொடுத்தார்.

ஒற்றனை உண்டாக்குவது பகைவனுடைய பணம் மட்டுமன்று. கூலி கொடுக்கப்படாத ஊழியன், கேட்கப்படாத குறை, அவமதிக்கப்பட்ட நண்பன், இவர்களிடந்தான் பகைவனின் ஆள் முதலில் வந்து உட்காருகிறான். கட்சியாயினும், சங்கமாயினும், அரசாயினும், துரோகியைத் தேடிக் கூண்டு செய்வதைவிட, தன் வீட்டில் வாடிய முகம் எதுவென்று பார்ப்பதே முந்திய காரியம். ஹைதரின் கூண்டைக் கண்டு அஞ்சியவர்கள் உண்டு; அதனால் அவரிடம் அன்பு கொண்டவர்கள் இல்லை. அச்சத்தால் சேர்த்த கண்கள் அச்சம் தீர்ந்த அன்றே வேறு பக்கம் திரும்பின. பொது வாழ்வில் புகுவோர் இதனை நினைவில் வைப்பார்களாக.