டாக்டர் ‘வி’யும் 3,400 பேரும்

ஈசூனில் எங்களுடன் வசிக்கும் பாட்டிக்குக் கண் அழுத்த நோய். சென்ற மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது, புதிய சொட்டு மருந்துக்கான மருத்துவச் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். பாட்டிக்குப் புதிய மருந்தா, பழைய மருந்தா என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். அப்பா உடனே வேண்டாம் என்றார். பாட்டி என்ன பரிசோதனை எலியா என்று கோபம் அவருக்கு.

எனக்கு நினைவுக்கு வந்தவர், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. டாக்டர் ‘வி’ என்றால்தான் பலருக்கும் தெரியும்.

1918ல் எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சிலும் தாளும் இல்லாமல் ஆற்று மணலில் எழுதிப் பழகினார். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததால் மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். 1944ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று ராணுவத்தில் சேர்ந்தவரை முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்க இயலாத நிலையில் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். கை கொஞ்சம் நடுங்கினாலே எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது!

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பலர் இக்கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் கண்புரை அறுவை என்றால், கண்ணின் லென்சை முழுவதும் எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அந்தக் கண்ணாடி உடைந்தால் பழையபடி எல்லாம் மங்கிவிடும். பணக்கார நாடுகளில் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். அதன் விலை ஏழைகளுக்கு எட்டாது. 1992ல் அரவிந்த் அமைப்பு ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி மலிவான லென்ஸ் தயாரித்தது.

ஆனால், ஒரே நாளில் ஏராளமானோருக்கு அறுவை செய்யும் இடத்தில் இம்முறை பாதுகாப்பானதா? அதற்கு விடை காண, அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார் உள்ளிட்ட குழு ஓர் ஆய்வு நடத்தியது. கண்புரையால் இரு கண்களிலும் பார்வையிழந்த, 40 முதல் 75 வயதுடைய சுமார் 3,400 பேர் அதில் சேர்ந்தனர். யாருக்குச் செயற்கை லென்ஸ், யாருக்குக் கண்ணாடி என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பிறகு ஓராண்டு கண்காணித்தார்கள். 1998ல் வெளியான முடிவின்படி, செயற்கை லென்ஸ் பாதுகாப்பானது. கண்ணாடி போடாமலேயே பார்வையும் மேலானது.

குலுக்கலில் பழைய முறை விழுந்தவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கும் பார்வை திரும்பியது, தடித்த கண்ணாடியோடு. ஆனால் புதிய முறையில் சிக்கல்கள் அதிகம் வந்திருந்தால், அவர்கள்தாம் தப்பித்தவர்கள். சேர்ந்த அன்று மருத்துவர்களுக்கும் விடை தெரியாது.

டாக்டர் ‘வி’ 2006 ஜூலையில், 87 வயதில் காலமானார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் படிவத்தை முழுவதும் படித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தாதியிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். பாதியில் விலகலாமா? பக்கவிளைவு வந்தால் யார் கவனிப்பார்கள்? மூன்றாவது பாட்டியுடையது: புதிய மருந்து கண்ணில் எரியுமா?