மரியா மாண்டிசோரி: குழந்தைகளுக்கு வீடு கொடுத்த தாய்



மூன்று வயது முடிந்ததுமே நம் வீடுகளில் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கும் அவசரம் தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அ, ஆ எழுதிவிட்டது என்று கேள்விப்பட்டால் நமக்கு இரவில் தூக்கம் வராது. நம் பிள்ளையோ கோவிலில் ஒருமுறை கேட்ட பாட்டை ராகம் பிசகாமல் முணுமுணுக்கும். அழுகிற தம்பியின் அருகில் போய் உட்கார்ந்து தேற்றும். கிறிஸ்து பிறப்புக் குடிலில் எந்த ஆடு எங்கே நின்றது என்று சரியாகச் சொல்லும். இவற்றையெல்லாம் அறிவு என்று நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983ல் வெளியிட்ட நூலில், அறிவு என்பது ஒன்றல்ல என்றார். மொழி, கணக்கு, இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரைப் புரிதல், தன்னைப் புரிதல் என ஏழு திறன்களைக் குறிப்பிட்டு, பின்னர் இயற்கையை அறியும் திறனையும் சேர்த்தார். இன்று மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பாடமாகவே வைக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லாத காலத்திலேயே, ஏழைக் குழந்தைகளை உற்றுப் பார்த்து, ஒரு பிள்ளைக்குள் நுழைய எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று கண்டுகொண்ட ஒரு கத்தோலிக்கப் பெண்மணியை நாம் இன்று நினைத்துப் பார்க்கலாம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ல் இத்தாலியின் கியரவாலே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை விரும்பாத அக்காலத்தில், 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய பணி அவரை மனநல விடுதிகளுக்கு அழைத்துச் சென்றது. அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெறும் அறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தொட்டு விளையாட ஒரு பொருளும் இல்லாததால் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம். அது பசியால் அல்ல, அந்தப் பிள்ளைகளின் கைகள் வேலை தேடுகின்றன என்று அவருக்குத் தோன்றியது. அவர் கற்பித்த பிள்ளைகளில் சிலர் மற்ற மாணவர் எழுதும் பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. அவருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களால் இவ்வளவு முடியுமானால், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிகள் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கின்றன?

1907ல் ஒரு வாய்ப்பு வந்தது. ரோமின் சான் லொரென்சோ பகுதி அப்போது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கெடுக்கிறார்கள் என்று கட்டட உரிமையாளர்களுக்குக் கவலை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கி மாண்டிசோரியை அழைத்தார்கள். சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா நாளன்று அது திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண் துணைக்கு. குழந்தைகள் இல்லம் என்று பெயர்.

அங்கே அவர் செய்த பெரிய வேலை, பார்த்துக்கொண்டிருந்ததுதான். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற பிள்ளைகள் சுற்றிலும் பாடியும் அவள் நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், களைப்பே இல்லாத முகத்தோடு தானாக எழுந்தாள். இன்னொரு நாள் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்று முதல், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன. மூக்குச் சிந்துவது எப்படி என்று அவர் ஒருநாள் பாடம் நடத்தினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்! அதுவரை மூக்கொழுகியதற்குத் திட்டு வாங்கியவர்களே தவிர, யாரும் அவர்களுக்கு மரியாதையோடு சொல்லிக்கொடுத்ததில்லை.

எழுத்தையும் அவர் விரலிலிருந்தே தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லி, ஒருநாள் ஒரு பையன் சுண்ணக்கட்டியால் தரையில் தானே ஒரு சொல்லை எழுதிவிட்டான். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்துக் கனசதுரங்கள் அளவைக் கைக்குச் சொல்லின. ஒலிப் பெட்டிகளும் மணிகளும் காதுக்குப் பாடம். மேசை துடைப்பதும் உணவு பரிமாறுவதும், பிறரோடு வாழப் பழகும் பிள்ளைக்குப் பாடம். ஒருமுறை நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வந்து, அதன் அமைதியைப் பாருங்கள் என்றார். அறை முழுவதும் மூச்சடங்கியது. மௌனத்தைப் பிள்ளைகள் இவ்வளவு விரும்புவார்கள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கார்ட்னரின் பட்டியலை இந்த அறையில் வைத்துப் பார்த்தால் விடுபடுவது மிகக் குறைவு. எந்தப் பிள்ளைக்கும் இவன் இந்த வகை என்று அங்கே சீட்டு ஒட்டவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

மெசினா நகரில் 1908ல் நிலநடுக்கத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு இந்த முறையில் கற்பிக்க, ரோமில் தங்கள் மடத்தில் இடமளித்தவர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். 1877ல் நம் உதகமண்டலத்தில் பிறந்த சபை அது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910ல் ஏழு வயதையொட்டிய பிள்ளைகளும் நற்கருணை பெறலாம் என்று ஆணை தந்திருந்தார். அதன்பின் பார்சலோனாவில் மாண்டிசோரியின் பிள்ளைகள் தாங்களே கோதுமையும் திராட்சையும் பயிரிட்டு, அவை திருப்பலிக்கு அப்பமும் இரசமுமாகக் கண்டார்கள். நம் மறைக்கல்வி வகுப்புகளில் அந்த வயதுப் பிள்ளைகளைச் செபங்களை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லி நிறுத்துகிறோம்.

ஆனால் இந்த அம்மையாரின் வாழ்வில் ஒரு முள் இருந்தது. 1898 மார்ச் 31ல், உடன் பணிபுரிந்த மருத்துவர் மொந்தெசானோ வழியாக, திருமணமாகாமலேயே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மரியோ என்று பெயர். வெளியே தெரிந்தால் பணியும் பெயரும் போய்விடும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. மொந்தெசானோ வேறொருவரை மணந்தார். சான் லொரென்சோவில் மற்றவர் பிள்ளைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய பிள்ளைக்கு எட்டு வயது. தம் தாய் 1912ல் இறந்த பிறகுதான் மகனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அப்போதும் வெளி உலகுக்கு அவன் உறவுக்காரப் பையன்தான். நாம் தீர்ப்பிட வேண்டாம். அந்த எட்டு வயதை மட்டும் நம்மால் எளிதில் மறக்க முடியவில்லை.

முசோலினியின் அரசு 1934ல் அவருடைய பள்ளிகளை மூடியது. ஸ்பெயினில் 1936ல் உள்நாட்டுப் போர். 1939 நவம்பரில், 69 வயதில், மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையினர். இது நம்மில் சிலருக்கு நெருடலாக இருக்கலாம். முந்நூறு பேருக்கு மேல் அவரிடம் பயிற்சி பெற வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அவரும் விருப்பம்போல் வெளியே போக முடியவில்லை. ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அரசப் பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பித் தருவதாக அதில் இருந்தது. மகன் என்று பொதுவில் எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே ஒரு சிறு பள்ளியில், மலையில் கிடைத்த செடிகளும் பூச்சிகளும் பாடமாயின. 1946ல் ஐரோப்பாவுக்குப் போய், 1947ல் மீண்டும் வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இங்கே கற்பித்தார்.

1952 மே 6ல் நெதர்லாந்தின் நோர்ட்விக் என்ற கடலோர ஊரில், மரியோ அருகிலிருக்க இறந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிவைத்த உயிலில் மரியோ, என் மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்.